ஒரு முன்னொட்டின் வரலாறு: ஜான் ஷேக்ஸ்பியரும் டியூடர் கால நகராட்சிச் சொற்களும்

0. முன்னுரை

இங்கிலாந்தின் வார்விக்ஷயர் பகுதியில், ஏவன் ஆற்றங்கரையில் அமைந்த சிறு சந்தை நகரம் ஸ்ட்ராட்ஃபோர்டு. 1568ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் அந்நகரின் மன்றம் கையுறை தைக்கும் கைவினைஞர் ஒருவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் பெயர் ஜான் ஷேக்ஸ்பியர். அப்போது அவருடைய மூத்த மகன் வில்லியமுக்கு வயது நான்கு. மகனைப் பற்றிய நூல்கள் ஒரு நூலகத்தையே நிரப்பும். தந்தையைப் பற்றிக் கிடைப்பனவோ நகர்மன்றக் குறிப்பேடுகள், வழக்குமன்றப் பதிவுகள், நிலப்பத்திரங்கள், தேவாலயப் பதிவேடு ஆகியவற்றில் சிதறிக் கிடக்கும் வரிகளே. அவர் கைப்பட எழுதிய வரி ஒன்றேனும் எஞ்சவில்லை. பிறர் அவரை எழுதிய வரிகளே எஞ்சியுள்ளன.

அவ்வரிகளை மொழியியல் நோக்கில் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஜான் நகர்த்தலைவரான பின்னர் அவர் பெயருக்கு முன் ஒரு மதிப்பு முன்னொட்டு வந்து சேர்கின்றது. அவர் செல்வம் குன்றிய பின்னும், மன்றப் பதவியை இழந்த பின்னும் அம்முன்னொட்டு அவரை விட்டு நீங்கவில்லை. இக்கட்டுரை அம்முன்னொட்டின் வழியே அவருடைய வாழ்வையும் குடும்பத்தையும் ஆராய்கின்றது. டியூடர் கால நகராட்சிச் சொற்களைத் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளும் இவ்வாராய்ச்சியின் ஊடே தெளிவாகும்.

அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் தொடங்கியது. சனவரி முதல் அந்நாள் வரையிலான நாட்களுக்கு இங்கு இன்றைய முறைப்படியே ஆண்டு தரப்பட்டுள்ளது. பணக்கணக்கில் 12 பென்னி 1 ஷில்லிங். 20 ஷில்லிங் 1 பவுன்.

1. ஊரும் மன்றமும்

ஸ்ட்ராட்ஃபோர்டு நெடுங்காலம் வூஸ்டர் ஆயரின் ஆட்சிக்கு உட்பட்ட ஊராக இருந்தது. ஊரின் அன்றாட வாழ்வைத் திருச்சிலுவைக் கூட்டவை என்ற சமயச் சங்கமே பெரிதும் நடத்தியது. பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், பாலம் ஆகியவற்றின் பராமரிப்பு அதன் பொறுப்பில் இருந்தது. சமயச் சீர்திருத்தத்தின்போது, 1547இல், அச்சங்கம் கலைக்கப்பட்டது. அதன் பணிகளை ஏற்க ஓர் அமைப்புத் தேவைப்பட்டது. 1553ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் ஆறாம் எட்வர்டு மன்னர் வழங்கிய பட்டயம் அவ்வமைப்பை உருவாக்கியது. அதன்படி ஆல்டர்மேன் எனப்பட்ட மூத்த உறுப்பினர் 14 பேரும், பர்ஜஸ் எனப்பட்ட உறுப்பினர் 14 பேரும் கொண்ட மன்றம் அமைந்தது. ஆண்டுதோறும் ஒருவர் பெய்லிஃப் என்ற பெயரில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆகவே, ஜான் அந்நகரில் தொழில் செய்யத் தொடங்கிய காலத்தில் மன்றமே புதியது. அதன் பதவிப்பெயர்கள் மட்டும் பழையன. ஆல்டர்மேன் என்பது பழைய ஆங்கிலத்தில் மூத்தோனைக் குறித்த சொல். பெய்லிஃப் என்பது சுமப்பவன் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சேம்பர்லின் அறை என்னும் சொல்லோடு தொடர்புடையது. முதலில் அரசனின் அறைக்கும் அங்கு வைத்த கருவூலத்துக்கும் பொறுப்பானவனைக் குறித்தது. அரண்மனையிலும் பண்ணை ஆட்சியிலும் வழங்கிய சொற்கள் ஒரு சந்தை நகரத்தின் கைவினைஞர்களுக்குப் பதவிப்பெயர்களாக இறங்கி வந்தன. சொல் பழையதாக இருக்கப் பொருள் மாறிவிடும் இத்தகைய இடங்களில்தான் மொழிபெயர்ப்பாளர் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

2. ஒருவர், பல பெயர்கள்

ஜான் 1530ஐ ஒட்டிப் பிறந்தவர் எனக் கருதப்படுகிறார். தந்தை ரிச்சர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள ஸ்னிட்டர்ஃபீல்டு என்னும் ஊரில் குத்தகைக்கு உழுதவர். அவர் உழுத நிலத்தில் ஒரு பகுதி வில்ம்கோட் ஊரைச் சேர்ந்த ராபர்ட் ஆர்டன் என்பவருக்கு உரியது. ரிச்சர்டின் மகன் ராபர்ட்டின் மகளை மணந்தபோது குத்தகையாளர் வீடும் நிலக்கிழார் வீடும் உறவாயின.

ஜான் நகருக்கு வந்தபின் முதன்முதலாகப் பதிவுகளில் தோன்றுவது 1552ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள். ஹென்லி தெருவில் குப்பைமேடு சேர்த்ததற்காக அவருக்கும் அண்டை வீட்டார் இருவருக்கும் தலைக்கு ஒரு ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் பெற்ற மற்றிருவருள் ஒருவர் ஏட்ரியன் குவைனி. இவர் பின்னாளில் நகர்த்தலைவர் ஆனார். குப்பைமேட்டுக்காக ஒருங்கே தண்டம் கட்டிய இருவரும் இருபது ஆண்டுகளுக்குப் பின் நகரின் அலுவலுக்காக ஒருங்கே இலண்டனுக்குக் குதிரையேறினர்.

1556ஆம் ஆண்டு வழக்கொன்றில் ஜான் கையுறை தைப்பவர் எனக் குறிக்கப்படுகிறார். பதிவு முழுவதும் இலத்தீனில் உள்ளது. தொழிற்பெயர் மட்டும் ஆங்கிலத்திலேயே இடம்பெறுகின்றது. ஊரார் வாயில் வழங்கிய தொழிற்பெயரை இலத்தீனாக்க எழுத்தர் முயலவில்லை. 1561இல் தந்தை விட்டுச்சென்ற பொருள்களை நிருவகிக்கும் பொறுப்பு ஜானுக்கு அளிக்கப்பட்டது. அப்பதிவில் அதே ஜான் இலத்தீன் சொல்லால் ஸ்னிட்டர்ஃபீல்டு உழவர் எனப்படுகிறார். 1573இல் மற்றொரு வழக்கில் அவர் வெண்தோல் பதனிடுபவர். படிகாரமும் உப்பும் கொண்டு மென்தோலை வெண்மையாகப் பதப்படுத்துவது கையுறைத் தொழிலின் முற்பகுதியாகும். 1597இல் ஒரு பத்திரத்தில் அவர் சொந்த நிலமுடைய உழவர் என்னும் நிலைப்பெயரைப் பெறுகிறார்.

இப்பெயர்களைக் கண்டு ஜானின் தொழில் அடிக்கடி மாறியது என முடிவு செய்தல் பொருந்தாது. ஆவணம் எதைப் பற்றியதோ அதற்கேற்ற பெயரை எழுத்தர் இட்டனர். நிலம், தந்தையின் உடைமை என்னும்போது உழவர். கடன் வழக்கு என்னும்போது கைவினைஞர். அடைபெயர் என்பது ஆளின் இயல்பைக் காட்டிலும் ஆவணத்தின் தேவையையே மிகுதியாகக் காட்டுகின்றது. எனவே மூலத்தில் உள்ள அடைபெயரை அவ்வப்போது உள்ளபடியே பெயர்க்க வேண்டும். எல்லா இடங்களிலும் கையுறை வணிகர் என ஒருமைப்படுத்துதல் கூடாது.

பெயரின் எழுத்துவடிவமும் இவ்வாறே நிலையற்றது. இக்குடும்பப் பெயரின் எழுத்து வடிவங்களாக 83 வகைகளை ஈ. கே. சேம்பர்ஸ் தொகுத்துக் காட்டினார். ஊர்ப் பதிவுகளில் முதலசையின் உயிரைக் குறிலாக ஒலிக்கச் செய்யும் வடிவங்கள் மிகுதி. இன்று நாம் நெடிலிட்டு எழுதும் ஷேக்ஸ்பியர் என்னும் வடிவம் அச்சுவழி நிலைபெற்றது. தமிழில் செகப்பிரியர் என எழுதியோரும் உளர். ஊரார் ஜானை எப்படி ஒலித்து அழைத்தனரோ அவ்வொலிக்கு இவ்விரு தமிழ் வடிவங்களும் சற்றுத் தொலைவிலேயே நிற்கின்றன.

3. பதவிப் படிகள்

1556 முதல் 1571 வரை ஜானின் வாழ்வு ஒரே சீரான ஏற்றமாகும். 1556இல் ஏல் என்னும் மதுவையும் அப்பத்தையும் சோதித்துத் தரமும் எடையும் பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டிலேயே கிரீன்ஹில் தெருவில் ஒரு வீடும், ஹென்லி தெருவில் ஒரு வீடும் வாங்கினார். 1558இல் ஊர்க்காவல் பொறுப்பாளர்களுள் ஒருவரானார். 1559இல் சட்டத்தால் வரையறுக்கப்படாத அபராதங்களின் அளவை மதிப்பிடும் பணியில் அமர்ந்தார். 1561 முதல் 1563 வரை ஜான் டெய்லர் என்பவருடன் நகரப் பொருளாளராக இருந்தார். அடுத்து வந்த பொருளாளர்களின் கணக்குகளை ஒப்படைப்பதிலும் அவர் துணைநின்றார்.

1564ஆம் ஆண்டு சனவரியில் ஒப்படைக்கப்பட்ட கணக்கில், பழைய கூட்டவைச் சிற்றாலயத்தின் படிமங்களைச் சிதைத்ததற்கு 2 ஷில்லிங் செலவு எழுதப்பட்டுள்ளது. ஒரு சமயம் போய் மற்றொரு சமயம் வந்ததன் விலை, கூலிக் கணக்கின் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. அவ்வாண்டு கோடையில் ஊரில் கொள்ளைநோய் பரவியது. ஆண்டு முடிவதற்குள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆகஸ்டு 30ஆம் நாள் மன்றம் தொற்றுக்கு அஞ்சித் தோட்டத்தில் கூடி ஏழைகளுக்கு நிதி திரட்டியது. ஜான் 12 பென்னி கொடுத்தார். அப்போது அவர் வீட்டில் வில்லியம் நான்கு மாதக் குழந்தை.

1565ஆம் ஆண்டு சூலையில் அவர் ஆல்டர்மேன் ஆனார். 1568இல் பெய்லிஃப் ஆனார். நகர வழக்குமன்றத்துக்குத் தலைமை தாங்குதல், அமைதிகாக்கும் நீதிபதியாக இருத்தல், சந்தையைக் கண்காணித்தல் ஆகியன அப்பதவியின் கடமைகள். அவர் ஆட்சியாண்டில், 1569இல், அரசியாரின் நாடகக் குழுவுக்கு 9 ஷில்லிங்கும், வூஸ்டர் பிரபுவின் குழுவுக்கு 1 ஷில்லிங்கும் நகர நிதியிலிருந்து வழங்கப்பட்டன. தொழில்முறை நடிகர்கள் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஆடியதற்கு எஞ்சியுள்ள முதற் பதிவு இதுவே. 1571இல் ஏட்ரியன் குவைனி தலைவராக, ஜான் தலைமை ஆல்டர்மேனாகவும் துணைத்தலைவராகவும் அமர்ந்தார்.

4. முன்னொட்டு வந்த விதம்

ஜானின் பிள்ளைகள் எண்மர். மனைவி மேரி ஆர்டன், ராபர்ட் ஆர்டனின் மகளிர் எண்மருள் இளையவர். 1556இல் ராபர்ட் எழுதிவைத்த விருப்பமுறிப்படி வில்ம்கோட் நிலமும் 10 மார்க்கும், அதாவது 6 பவுன் 13 ஷில்லிங் 4 பென்னியும், மேரிக்குச் சேர்ந்தன. விருப்பமுறியை நிறைவேற்றும் பொறுப்பும் அவருக்கு அளிக்கப்பட்டது. 1557ஐ ஒட்டித் திருமணம் நிகழ்ந்திருத்தல் வேண்டும். 1558இல் ஜோன், 1562இல் மார்கரெட், 1564இல் வில்லியம், 1566இல் கில்பர்ட், 1569இல் இரண்டாம் ஜோன், 1571இல் ஆன், 1574இல் ரிச்சர்டு, 1580இல் எட்மண்டு எனத் திருமுழுக்குப் பதிவுகள் உள்ளன. மூத்தவள் பெயரே 1569இல் மற்றொரு மகளுக்கு இடப்பட்டமையால் முதல் ஜோன் இளமையிலேயே இறந்தாள் என்பது தெளிவு. மார்கரெட் ஐந்து மாதங்களில் இறந்தாள். ஆன் எட்டு வயதும் நிறையாமல் 1579இல் அடக்கம் செய்யப்பட்டாள்.

இப்பதிவுகளின் மொழி கருதத்தக்கது. இலத்தீனும் ஆங்கிலமும் மாறிமாறி வருகின்றன. 1564இல் வில்லியத்தின் பதிவில் தந்தை பெயர் ஜோஹான்னெஸ் என எழுவாய் வடிவில் உள்ளது. மகன் என்னும் சொல்லை அடுத்து வரவேண்டிய ஆறாம் வேற்றுமை வடிவம் ஜோஹான்னிஸ் ஆகும். 1566இல் கில்பர்ட்டின் பதிவில் அவ்வடிவம் சரியாகவே உள்ளது. இலத்தீன் வழக்கில் இருந்தது. ஆயினும் எழுத்தர் கையில் அதன் வேற்றுமை உருபு சில வேளைகளில் நழுவியது.

1569இல் தந்தை நகர்த்தலைவராக இருந்தபோது பிறந்த ஜோனின் பதிவில் அவர் பெயர் அடையின்றியே உள்ளது. 1571இல் ஆனின் பதிவில் மகிஸ்டர் என்னும் இலத்தீன் சொல் முன்வருகின்றது. 1574இலும் 1580இலும் ஆங்கிலப் பதிவுகளில் அதன் சுருக்கமான இரண்டெழுத்துக் குறியீடு வருகின்றது. இன்று கையிலுள்ள பதிவேட்டின் முற்பகுதி 1600ஐ ஒட்டித் தோலேட்டில் எழுதப்பட்ட படியாகும். எனினும் அதனைச் சாராத பிற ஆவணங்களிலும் இம்முன்னொட்டு வருவதால் இது படியெடுத்தவரின் சேர்க்கை மட்டும் என ஒதுக்குதல் இயலாது.

மகிஸ்டர் என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே மாஸ்டர். அதன் அழுத்தம் குறைந்த ஒலிவடிவம் பிற்காலத்தில் மிஸ்டர் எனத் தனிச்சொல்லாயிற்று. டியூடர் காலத்தில் இது எல்லார்க்கும் உரிய அடைமொழி அன்று. உயர்குடியினர், பட்டம் பெற்ற கல்வியாளர், நகர்த்தலைவர் பதவி வகித்தோர் போன்றவர்களையே அது குறித்தது. அவர்களுக்குக் கீழ்நிலையில் இருந்த குடும்பத்தலைவர் குட்மேன் என்னும் அடையால் அழைக்கப்பட்டார். தெருவில் நடந்து செல்லும் ஒருவரை எந்த அடையிட்டு அழைப்பது என்பது ஊரறிந்த ஒழுங்கு. அவ்வொழுங்கில் ஜான் ஒரு படி ஏறிவிட்டார்.

இம்முன்னொட்டு ஒரு வரலாற்றுப் பிழையைத் தீர்க்கவும் உதவியது. 1580களில் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜான் ஷேக்ஸ்பியர் என்னும் பெயருடைய காலணி தைப்பவர் ஒருவரும் வாழ்ந்தார். 1589 முதல் 1591 வரை அவருக்கு உர்சுலா, ஹம்ஃப்ரி, ஃபிலிப் என மூவர் பிறந்தனர். 1709இல் கவிஞரின் வாழ்க்கையை எழுதிய நிக்கலஸ் ரோ, ஜானுக்குப் பத்துப் பிள்ளைகள் என்றார். இரு தந்தையரின் பிள்ளைகளும் ஒருங்கே எண்ணப்பட்டமையே இம்மயக்கத்துக்குக் காரணம் எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். அம்மூவரின் பதிவுகளில் தந்தை பெயர் அடையின்றி உள்ளது. இருவரையும் பிரித்தறியத் துணைநின்றவற்றுள் இரண்டெழுத்து முன்னொட்டும் ஒன்று.

5. பொருள் போயிற்று

1570இல் வட்டிக்குப் பணம் கொடுத்தார் என்னும் குற்றச்சாட்டு இருமுறை ஜான்மீது எழுந்தது. சுட்டப்பட்ட கடன் தொகைகள் 80 பவுனும் 100 பவுனும் ஆகும். 1572இல் உரிமமின்றிக் கம்பளி உரோமம் வாங்கினார் என்னும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. கையுறைத் தொழிலுக்குத் தோல் வாங்குவோர்க்கு உரோமமும் வாணிகமாவது இயல்பு. ஆனால் அவ்வாணிகம் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட சிலருக்கே உரியதாக இருந்தது. அரசுக்குச் செலுத்த வேண்டிய கடன்கள் 1580களின் தொடக்கம் வரை அவரைத் தொடர்ந்தன என்பதைக் கருவூல ஆவணங்களிலிருந்து கிளின் பாரி 2018இல் வெளிப்படுத்தினார்.

1577ஆம் ஆண்டு சனவரி முதல் ஜான் மன்றக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு படைவீரர்க்கான வரியில் மற்ற ஆல்டர்மேன்களுக்கு 6 ஷில்லிங் 8 பென்னி விதித்த மன்றம், அவருக்கு அதில் பாதியையே விதித்தது. ஏழைகளுக்கு வாரந்தோறும் கொடுக்க வேண்டிய 4 பென்னியிலிருந்தும் அவருக்கு விலக்களித்தது. 1578 நவம்பரில் மனைவி வழி வந்த வில்ம்கோட் சொத்து, உறவினர் எட்மண்டு லாம்பர்ட்டிடம் 40 பவுனுக்கு அடமானமாயிற்று. பின்னர் வழக்காடியும் அது திரும்பவில்லை. 1579இல் ஸ்னிட்டர்ஃபீல்டில் இருந்த பங்கு 4 பவுனுக்கு விற்கப்பட்டது. 1580இல் அமைதி காப்பதற்குரிய பிணையளிக்க அரசியார் நீதிமன்றத்தில் வராமையால் தமக்கு 20 பவுனும், தாம் பிணைநின்ற மற்றொருவர் பொருட்டு 20 பவுனும் தண்டம் பெற்றார்.

இவ்வாண்டுகளில் மன்றத்தின் நடத்தை குறிப்பிடத்தக்கது. வராத உறுப்பினரை நீக்கும் உரிமை அதற்கு இருந்தது. எனினும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் பெயரை அது அடிக்கவில்லை. 1582 செப்டம்பரில் ஒரே ஒருமுறை, ஜான் சாட்லர் என்னும் நண்பரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்க, அவர் கூட்டத்துக்கு வந்தார். 1586ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாளில்தான் அவரிடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார்.

1592இல் தேவாலயத்துக்கு வராதோர் பட்டியல் ஒன்று எடுக்கப்பட்டது. கடன் வழக்கில் பிடிபட நேரும் என்னும் அச்சத்தால் வாராதவர் எனக் குறிக்கப்பட்ட ஒன்பதின்மருள் ஜானும் ஒருவர். நகர்த்தலைவராகத் தண்டேந்திய ஏவலர் முன்செல்ல நடந்தவர், பிடிபடும் அச்சத்தால் வெளிவராதவர் என எழுதப்பட்டார். அந்தப் பட்டியலிலும் அவர் பெயருக்கு முன் மாஸ்டர் என்னும் அடை உள்ளது.

6. தற்குறி என்னும் சொல்

ஜான் எந்த ஆவணத்திலும் பெயரெழுதிக் கையெழுத்திடவில்லை. சில ஆவணங்களில் கவராயம் போன்ற வடிவத்தை இட்டார். அது கையுறைக்குத் தோலை அளந்து வெட்டும் கருவியின் உரு எனக் கருதப்படுகின்றது. வேறு சிலவற்றில் சிலுவைக்குறி இட்டார். 1579ஆம் ஆண்டுப் பத்திரத்தில் அவரும் மேரியும் குறியே இட்டனர்.

இதனைத் தமிழில் எப்படிச் சொல்வது? நம் பத்திரங்களில் வழங்கிய தற்குறி என்னும் சொல் பொருத்தமாகத் தோன்றும். எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்கு மாற்றாக இடும் குறி என்பது அதன் பொருள். நாளடைவில் குறியைக் குறித்த சொல் குறியிட்டவரைக் குறிப்பதாயிற்று. இன்று அது வசைச்சொல்லாகவே வழங்குகின்றது. கைநாட்டு என்னும் சொல்லின் நிலையும் இதுவே. ஜான் தற்குறி என ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதினால், மூலத்தில் இல்லாத தீர்ப்பொன்றைத் தாமே வழங்கியவர் ஆவார்.

அத்தீர்ப்புக்கு மூலத்தில் இடமில்லை என்பதற்குக் காரணங்கள் உள. முதலாவது, அக்காலப் பள்ளிகளில் முதலில் படிக்கக் கற்பித்தனர். எழுதுவது பின்னர்க் கற்பிக்கப்பட்ட தனித்திறன். எழுதாதவர் எல்லாரும் படிக்காதவர் அல்லர். இரண்டாவது, ஜானுடன் அபராதம் கட்டிய ஏட்ரியன் குவைனியும் குறியிட்டது உண்டு. ஆயினும் அவர் எழுதிய கடிதம் எஞ்சியுள்ளது. மூன்றாவது, தொழிற்கருவியை வரைந்து இடும் குறி ஒருவகை முத்திரை. அது இயலாமையை மட்டுமன்றித் தொழிலின் பெருமையையும் காட்டவல்லது. இதனால் ஜான் எழுத வல்லவர் என்று நிறுவுதல் இயலாது. குறியிட்டார் என்பதே மூலம் தரும் செய்தி. குறியிட்டார் என்றே பெயர்ப்பதுதான் நேர்மை.

இச்சொல்லாராய்ச்சி வீணன்று. தந்தை குறியிட்டவர் என்பதைக் காட்டி, மகன் நாடகங்களை எழுதியிருக்க இயலாது என வாதிட்டோர் பலர். குடும்பத்தின் பதிவுகள் அத்தகைய நேர்க்கோட்டு முடிவுகளுக்கு இடந்தருவதில்லை. மகன் கில்பர்ட் 1610இல் ஒரு பத்திரத்தில் சாட்சியாகத் தெளிவாகக் கையெழுத்திட்டார். வில்லியத்தின் மூத்த மகள் சூசன்னா கையெழுத்திட்டார். இளைய மகள் ஜூடித் 1611இல் குறியிட்டார். உலகின் பெருங்கவிஞராகப் போற்றப்படுபவரின் மகளே குறியிட்டார் எனில், குறியைக் கொண்டு வீட்டின் அறிவுநிலையை அளப்பது எத்துணைப் பிழையான அளவுகோல் என்பது விளங்கும்.

7. கனவான் என்னும் நிலை

1576ஐ ஒட்டி, பொருள் நிலை சரிவதற்குச் சற்று முன், ஜான் குலச்சின்னம் வேண்டி விண்ணப்பித்தார். அது கைகூடவில்லை. 1596ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அச்சின்னம் வழங்கப்பட்டது. இலண்டனில் பொருளீட்டிய மகனின் முயற்சி இதன் பின்னணியில் இருந்தது என்பது பொதுவான கருத்து. ஆயினும் சின்னம் தந்தையின் பெயருக்கே அளிக்கப்பட்டது. அவர் முன்னர் நகர்த்தலைவராகவும் அமைதிகாக்கும் நீதிபதியாகவும் இருந்தமை தகுதியாகச் சுட்டப்பட்டது. 1568இல் பெற்ற பதவி 28 ஆண்டுகளுக்குப் பின் பயன் தந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் வில்லியத்தின் ஒரே மகன் ஹாம்னெட் பதினோராம் வயதில் இறந்திருந்தான். வழிவழி வரும் சின்னம் வந்தபோது அதனை ஆண்வழியில் எடுத்துச்செல்லப் பேரன் இல்லை.

சின்னம் பெற்ற மூன்று திங்களில், 1597 சனவரியில், ஹென்லி தெரு மனையில் ஒரு சிறு துண்டை ஜார்ஜ் பேட்ஜர் என்பவருக்கு ஜான் 50 ஷில்லிங்குக்கு விற்றார். அப்பத்திரத்தில் அவர் கனவான் எனப்படவில்லை. சொந்த நிலமுடைய உழவர் என்றே குறிக்கப்பட்டார். இலண்டன் சின்ன அலுவலகத்தில் எழுதப்பட்ட நிலையும் ஊர்ப் பத்திரத்தில் எழுதப்பட்ட நிலையும் ஒன்றாகவில்லை. 1602இல் சின்ன அலுவலருள் ஒருவரான ரால்ஃப் புரூக், தகுதியற்றோர்க்குச் சின்னம் வழங்கப்பட்டதாகக் குறைகூறியபோது இக்குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டார். அவர் குறிப்பில் மகன் நடிகன் என்னும் அடையால் சுட்டப்பட்டார். மேலிருந்து வழங்கப்பட்ட பெயர் கேள்விக்கு உள்ளாயிற்று. ஊர் வழங்கிய முன்னொட்டை எவரும் கேள்விக்கு உட்படுத்தவில்லை.

8. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

இப்பதவிச் சொற்கள் நமக்கு முற்றிலும் அயலானவை அல்ல. 1687இல் அளிக்கப்பட்ட பட்டயத்தின்படி 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியில் மேயர், ஆல்டர்மேன், பர்ஜஸ் என்னும் அமைப்பே இருந்தது. ஜான் வகித்த இரு பதவிகளின் பெயர்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின் கடல்கடந்து இங்கு வந்தன. எனவே ஆல்டர்மேன், பர்ஜஸ் என்பவற்றை ஒலிபெயர்த்து, முதல் இடத்தில் பொருள் விளக்கி எழுதுவது போதுமானது.

பெய்லிஃப் என்னும் சொல் இடர் தருவது. நம் வழக்குமன்ற வழக்கில் அது அழைப்பாணை கொண்டுவரும் அமீனாவைக் குறிக்கும். ஜானை அமீனா எனப் பெயர்த்தால் நகரின் தலைவர் கதவுதட்டும் பணியாளர் ஆகிவிடுவார். நகர்த்தலைவர் என்பதே இங்குப் பொருந்தும். சேம்பர்லின் என்பதனை அரண்மனை அதிகாரி எனப் பெயர்ப்பதும் அத்தகைய பிழையே. இங்கு அது நகரப் பொருளாளர். கான்ஸ்டபிள் ஊதியம் பெறும் இன்றைய காவலர் அல்லர்; முறைவைத்து ஊர்க்காவல் பொறுப்பேற்ற குடிமகன்.

மாஸ்டர் என்னும் முன்னொட்டே கடினமானது. ஒலிபெயர்த்தால் தையல் மாஸ்டர், டீ மாஸ்டர் முதலிய வழக்குகள் தமிழ் வாசகர் நினைவில் எழும். தோல் தைத்தவர் பெயரோடு சேரும்போது மயக்கம் இன்னும் மிகும். திரு என்று பெயர்த்தால் அது எல்லார்க்கும் பொதுவான அடையாதலால் வேறுபாடு அழிந்துபோகும். மேயரை வணக்கத்திற்குரிய என்னும் அடையால் சுட்டிய மரபு தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. ஆனால் அது பதவிக்கு உரியது, பதவி நீங்கினால் நீங்குவது. பதவி போன பின்னும் ஆளோடு நிற்கும் அடையே இங்குத் தேவை. பெருமகனார் என்பது ஓரளவு பொருந்தும் எனத் தோன்றுகிறது. எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் 1568க்கு முன் அதனை இடாமலும், பின்னர் மூலத்தில் வருமிடங்களில் விடாமலும் எழுதுதல் வேண்டும். அச்சொல் வருவதும் வராமையுமே செய்தி.

9. முடிவுரை

ஜான் 1601ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்டார். விருப்பமுறி எதுவும் எஞ்சவில்லை. ஹென்லி தெரு வீடு வில்லியத்துக்கு வந்தது. பின்னர் அவ்வீட்டில் தங்கை ஜோனின் குடும்பம் வாழ்ந்தது. மேரி 1608 செப்டம்பரில் மறைந்தார். கடைக்குட்டி எட்மண்டு தமையனைப் போலவே இலண்டன் சென்று நடிகராகி, தாய்க்கு முன்பே, 1607 டிசம்பரில் அங்கேயே அடக்கமானார்.

ஜானின் அடக்கப் பதிவில் அவர் பெயர் இலத்தீன் வடிவில் ஜோஹான்னெஸ் என உள்ளது. குடும்பப் பெயர் ஆங்கிலம். அவற்றுக்கு முன் அந்த இரண்டெழுத்து முன்னொட்டு. அதனை மகிஸ்டர் என இலத்தீனாகவும் படிக்கலாம், மாஸ்டர் என ஆங்கிலமாகவும் படிக்கலாம். நிலம் அடமானத்தில் போயிற்று. மன்றத்து இருக்கை பிறர்க்குப் போயிற்று. சின்னம் வழக்கில் சிக்கியது. இறந்தவரின் பெயரை எழுதக் கோலெடுத்த ஊர் எழுத்தர், 33 ஆண்டுகளுக்கு முன் ஊர் அவருக்கு அளித்த மதிப்பை மறவாமல் முதலில் அதனையே எழுதினார்.